அலுமாரித் திறப்பு

எண்பதுகளின் கடைசியில் நெடுந்தீவு ஆஸ்பத்திரியில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு தாதிதான். மிஸ்ஸி என்போம். டொக்டர் வருவது நின்று போயிருந்தது. நான் அங்கே தும்புத்தடி பிடித்துக் கூட்டித் துடைக்கிறவள். மருந்து அலுமாரியின் திறப்பை, அதன் ஒரே சாவியை, மிஸ்ஸி இடுப்பிலேயே செருகியிருப்பார். யாழ்ப்பாணம் போனாலும் அது அவரோடுதான் போகும்.

ஒருநாள் காலை, இறங்குதுறையில் வைத்து அதை என் கையில் தந்தார்.

"மருந்து எடுத்துக்கொண்டு பின்னேர வள்ளத்திலை வந்திடுவன். பார்த்துக்கொள்ளும்."

என்னை ஒருவரும் அப்படி நம்பியதில்லை. கூச்சத்தில் தலையை மட்டும் ஆட்டினேன்.

அதே வள்ளத்துக்குப் பையோடு ஒரு பிள்ளைத்தாய்ச்சி வந்து நின்றாள். கால் வீக்கம், பிரஷர் கூட. யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குப் போகும்படி முதல்நாள் மிஸ்ஸியே சொல்லியிருந்தார். இப்போது அவளைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

"இண்டைக்கு வேண்டாம். நான் வந்து பாக்கிறன்."

"நேற்று நீங்கள்தானே மிஸ்ஸி போகச் சொன்னனீங்கள்?"

மிஸ்ஸி வள்ளத்தில் ஏறிவிட்டார். அவள் என்னைப் பார்த்தாள். அதிகம் பேசாத நான் அன்று பேசினேன்.

"திறப்பையே என்னட்டைத் தந்திட்டுப் போறா. வராமல் விடுவாவே? வராட்டில் நான் பிள்ளையை எடுத்துத் தாறன்."

"தும்புத்தடியாலையோ அக்கா?" என்று சிரித்தாள். அவளுடைய பையை நானே வீடுவரை தூக்கிக்கொண்டு போனேன்.

பின்னேர வள்ளத்தில் மிஸ்ஸி இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் அவளுக்கு வலிப்பு வந்தது. ஓடிப்போய் அலுமாரியைத் திறந்தேன். போத்தல்கள் வரிசையாக இருந்தன. எதை, எவ்வளவு கொடுப்பதென்று எனக்குத் தெரியாது. மிஸ்ஸியின் சான்றிதழ் உறை இருந்த தட்டு மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

மீன்பிடி வள்ளமொன்றில் அவளை ஏற்றினோம். தாய் தப்பினாள். பிள்ளை தப்பவில்லை.

"மிஸ்ஸியின்ரை சூட்கேஸ் முதல்நாளே என்ரை வள்ளத்திலை போயிட்டுது. அங்காலை கொழும்பு பஸ் பார்த்து வைச்சிருந்தவ," என்று பிறகு வள்ளக்காரர் சொன்னார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நோயாளி தன்னோடு வந்திருந்தால் மிஸ்ஸி ஆஸ்பத்திரிவரை போய் ஒப்படைத்திருக்க வேண்டும். பஸ் தவறியிருக்கும். நான் கேள்வி கேட்காமலிருக்கத்தான் அந்தத் திறப்பு.

மிஸ்ஸியை அவள் திட்டி நான் கேட்டதில்லை. ஊருக்குத் திரும்பியபின் என்னிடம்தான் கேட்டாள்:

"என்ரை பையை ஏன் அக்கா தூக்கினனீங்கள்?"