முன்னாடி ஒரு சைபர்

இத எழுதவே வேணாம்னுதான் இருந்தேன். என் மானம் போற கதை.

லிங்கராஜபுரத்துல செல்போன் ரிப்பேர் கடையில வேலை பாக்குறேன். ஒரு சாயங்காலம் ஒரு அக்கா ஆன் ஆகாத போனோட வந்தாங்க. ஊர்லருந்து வந்து ஒரு மாசந்தான், கன்னடம் தெரியாது.

"தம்பி, பொண்ணு ஸ்கூல் கேட்ல தனியா நிக்கிறா. அவங்கப்பாவ போகச் சொல்லணும்"னாங்க.

கடை லேண்ட்லைன காட்டினேன். மூணு தடவை அடிச்சாங்க, போகல. "என்னமோ கன்னடத்துல சொல்லுதுப்பா."

"அண்ணன் உங்கள பிளாக் பண்ணிட்டாரு அக்கா"ன்னு கலாய்ச்சேன்.

அவங்க சிரிக்கல. மறுபடி அதே நம்பர அழுத்துனாங்க.

ரிசீவர வாங்கிக் கேட்டேன். முன்னாடி சைபர் சேத்து அடிங்கன்னு அது பாட்டுக்குச் சொல்லிட்டிருக்கு. லேண்ட்லைன்லருந்து செல்லுக்கு அப்படித்தான் அடிக்கணும். புது நம்பருக்குத் தட்டுப்பாடு வரக்கூடாதுன்னு வச்ச ரூல். எனக்குத் தெரிஞ்சதுதான், கலாய்க்கிற அவசரத்துல மறந்துட்டேன். சைபர் போட்டதும் மணி அடிச்சது. அவர் குரல் கேட்டதும் அக்கா அழுதுட்டாங்க.

மறுநாளே போன் மேல தமிழ்ல பெருசா எழுதி ஒட்டினேன்: "செல்லுக்கு அடிக்க முதல்ல 0." இனி நம்ம கடையில எவரும் அப்படித் தவிக்கக் கூடாது. போட்டோ எடுத்து, நடந்ததையும் எழுதி சிநேகிதன் டேவிட்டுக்கு அனுப்பினேன்.

"ஒட்டினது சரிடா, அந்த அக்காகிட்ட சாரி சொன்னியா?"