பதரில் கலந்த நெல்

“ஐயா, இதில ஒரு நெல்லும் பதரோட போகாது,” என்றான் அறுவடை மெசின் ஓட்டும் தம்பி. பதர்த் தூசு மூக்கில் ஏற, தும்மலோடு அப்பாவின் நினைவும் வந்தது.

நான் சின்னப் பொடியனாக இருந்தபோது, குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிப் பக்கம் வந்த எங்களுக்கு அது முதல் அறுவடை. களத்தில் நெல்லைத் தூற்றும்போது பலத்த காற்று பதரோடு நல்ல நெல்லையும் கொஞ்சம் அள்ளிப்போகும். அந்தப் பதர்க்குவியல், சுளகோடு வந்து புடைத்து எடுக்கும் ஏழைப் பெண்களுக்கு. அதுதான் அங்கத்தைய வழக்கம். அப்பாவுக்கு இது தெரியாது. பதரைத் திரும்பத் தூற்றி இன்னும் அரை மூட்டை நெல் எடுத்தார். அந்தப் பதருக்காகக் காத்திருந்த செல்லம்மாக்கா வெறும் சுளகோடு எழும்பிப் போனா.

பக்கத்துக் காணிக்காரர் சொன்ன பிறகுதான் அப்பாவுக்கு விளங்கியது. அந்த அரை மூட்டையைச் சைக்கிளில் கட்டி, என்னையும் முன்னால் ஏற்றிக்கொண்டு செல்லம்மாக்கா வீட்டுக்குப் போனார்.

அக்கா மூட்டையைத் தொடவில்லை. “இது நீங்கள் தூத்தி எடுத்த நெல்லு. சும்மா வாங்கிற பழக்கம் எனக்கில்லை, அண்ணை. பதரெண்டால் தாங்கோ, அது எங்கட பங்கு.”

அப்பா திரும்பிவந்து, அவ்வளவு நெல்லையும் பதர்க்குவியலில் கொட்டி மண்வெட்டியால் கலந்தார். மறுநாள் அக்கா வந்து, ஒன்றும் நடக்காததுபோலப் பின்னேரம் வரை இருந்து புடைத்து எடுத்துக்கொண்டு போனா.

அடுத்த போகம் அப்பா ஒரு தடவைதான் தூற்றினார். அதுவும் காற்று நன்றாகப் பலக்கும்வரை காத்திருந்து.