தடுப்பு மருந்துக்குப் போன ரோகுக் குஞ்சுகள்

1999 ஆவணியில் ஒரு காலை ஆறரை மணிக்கு ஓசூரிலிருந்து கிளம்பினோம். வேனில் நானும் மனைவி வசந்தாவும். பின்னால், ஆக்சிஜன் அடைத்துக் கட்டிய பாலிதீன் பைகளில் எங்கள் குளத்து ரோகு மீன் குஞ்சுகள். பெங்களூரில் ஹெப்பாள் பக்கம் ஒரு மீன் ஆய்வு நிலையத்தில் அவற்றுக்குத் தடுப்பு மருந்து. ஐம்பது கிலோமீட்டருக்கு வாடகை நானூறு ரூபாய். போன வருஷம் புண் நோய் வந்து குளம் முழுக்கச் செத்து மிதந்தது. இந்த முறையும் போனால் மீன் வளர்ப்பைத் தலைமுழுக வேண்டியதுதான்.

வழியில் சந்தாபுராவில் டிரைவர் முனியப்பா வண்டியை ஓரங்கட்டினார். பெங்களூர் ஸ்ரீராம்புரத்துக்காரர்.

"சார், மீனெல்லாம் மேல வந்து வாயைத் தொறந்துக்கினு கீது."

பைத் தண்ணீர் கலங்கியிருந்தது. பயணத்துக்கு முன் மீனைப் பட்டினி போட வேண்டும், இல்லாவிட்டால் பைக்குள் கழிவு சேர்ந்து மூச்சுக்கான காற்றைத் தீர்த்துவிடும் என்பது குஞ்சு விற்றவர் சொன்ன முதல் பாடம். வசந்தாவைப் பார்த்தேன்.

"ராத்திரி தவிடும் புண்ணாக்கும் போட்டேன்" என்றாள். "சொட்டு மருந்துக்குக் கூட்டிட்டுப் போற கொழந்தையை யாராவது பட்டினி போடுவாங்களா?"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். பையைத் திறந்தால் காற்று போய்விடும். பொம்மனஹள்ளியில் ஒரு ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கிப் பைகளைச் சுற்றி அடுக்கினோம். குளிர்ந்தால் மீன் குறைவாக மூச்சு வாங்கும். அதன்பின் நகரத்து நெரிசலில் வண்டி ஊர்ந்தது.

ஒன்பதரைக்கு ஹெப்பாள். நிலையத்து டாக்டர் மைதிலி பைகளைப் பிரித்துக் குஞ்சுகளைத் தொட்டியில் விட்டார். சில செத்திருந்தன. மற்றவை கொஞ்ச நேரம் மயங்கி நின்று, பிறகு நீந்தத் தொடங்கின. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இன்னைக்கு வேண்டாம், களைச்சுப் போயிருக்கு. நாளைக்கு மருந்துத் தண்ணியில விடறேன்" என்றார்.

"போன மாசமே, சின்னதா இருக்கறப்பவே கொண்டாந்து போட்டிருந்தா இந்த வம்பே இல்லையே மேடம்?" என்றேன்.

"அப்போ ரொம்பச் சின்னது சார். எது எதிரின்னே உடம்புக்குத் தெரியாத வயசு. அப்போ மருந்து குடுத்தா, கிருமியைச் சொந்தம்னு எடுத்துக்கலாம். பின்னால நிஜமா நோய் வந்தாலும் சண்டை போடாது. இப்போ விரல் நீளம் வந்தாச்சு, இதுதான் சரியான சமயம்."

"நான் ஒண்ணும் கெடுத்துடலையே?" என்றாள் வசந்தா.

"இல்லம்மா. ஒரு நாள் தள்ளிப்போச்சு, அவ்வளவுதான்."

அவள் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

குஞ்சுகளை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தோம். எதிரே ஒரு தர்ஷினி ஓட்டல், உட்கார நாற்காலி கிடையாது. நின்றபடியே இட்லியை விழுங்கும்போதுதான் உறைத்தது: மீனுக்கு வயிறாரப் போட்ட மகராசி, எங்கள் இருவருக்கும் காலையில் ஒரு வாய் காப்பிகூடப் போடவில்லை.