அப்பா தொடாத தூண்டில்

அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் சர்ச், சனிக்கிழமை என்றால் பெருங்களத்தூர் பக்கத்து ஏரி. இரண்டு இடத்துக்கும் இஸ்திரி போட்ட சட்டையில்தான் போவார். இயேசு முதலில் கூப்பிட்டது மீன் பிடிக்கிறவர்களைத்தான், டீச்சர்களை இல்லை என்று பள்ளிக்கூட டீச்சரான அம்மாவைச் சீண்டுவார். பிடித்து வந்த நாலு ஜிலேபி மீனுக்கு அவர் பண்ணும் ஜெபத்தில் குழம்பு ஆறிப்போய்விடும்.

என் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தாள். அப்போது அப்பா ஒரு பொருத்தனை பண்ணிக்கொண்டார். பிள்ளை உயிரோடு வீடு வந்து சேர்ந்தால் இனிமேல் தூண்டிலைத் தொடுவதில்லை. பிள்ளை வந்தது, தூண்டில் பரணுக்குப் போனது. மூக்குப்பொடியை விடுகிறேன் என்று வேண்டியிருந்தால் வீடாவது சுத்தமாக இருந்திருக்கும் என்று அம்மா புலம்பினாள். மூக்குப்பொடியெல்லாம் ஒரு காணிக்கையா என்று கேட்டார் அப்பா.

ஆனால் ஏரிக்கே போகமாட்டேன் என்று அவர் சொல்லவில்லையே. சனிக்கிழமை தவறாமல் போனார். யார் தூண்டில் போட்டாலும் பக்கத்தில் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு யோசனை சொன்னார். ஒருவர் பொறுக்க முடியாமல் தன் தூண்டிலை அவரிடம் நீட்டிவிட்டார்.

"பெருசு, இந்தா, நீயே புட்ச்சிக்கோ. சும்மா பேசிகினே கீற, பேஜாரா கீது."

அப்பா பாம்பைக் கண்டவர் மாதிரி இரண்டடி பின்னால் போனாராம்.

ஆறு வயதில் என் மகள் தனக்கும் மீன் பிடிக்கக் கற்றுக்கொடுக்கச் சொல்லி அடம்பிடித்தாள். தாத்தாவின் பொருத்தனை அவளுக்குத் தெரியாது. எனக்கு உள்ளுக்குள் பயம். பேத்தி கெஞ்சினால் மனசு இளகி வாக்கை மீறிவிடுவார், அப்புறம் சாகிறவரை அதை நினைத்தே தவிப்பார். அதனால் தூண்டிலைப் பரணிலிருந்து நானே எடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு மண்புழுவைக் கோத்துக் கொடுத்ததும் நான்தான். அப்பா கட்டிய கையை அவிழ்க்காமல் வாயாலேயே பாடம் நடத்தினார்.

மூன்றாவது சனிக்கிழமை பெரிய விரால் ஒன்று மாட்டியது. அது இழுத்த இழுப்பில் பிள்ளை சேற்றில் சறுக்கித் தண்ணீர்ப் பக்கம் போனாள். "தாத்தா, புடிங்க" என்று கத்தினாள். நான் ஓரடி எடுத்து வைப்பதற்குள் அப்பா பாய்ந்துவிட்டார். தூண்டில் அவர் கைக்கு நேராகத்தான் இருந்தது. அதை விட்டுவிட்டு அவள் இடுப்பை வளைத்துத் தூக்கினார். இருபது வருஷமாக அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்த தூண்டில், விராலோடு ஏரி நடுவே போய்க்கொண்டிருந்தது.

தூண்டிலைப் பிடித்திருக்கலாமே என்று அவள் வழியெல்லாம் அழுது சண்டை போட்டாள். வேறு வழியில்லாமல் அப்பா பொருத்தனையைச் சொல்லிவிட்டார். அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"என்னைக் கேக்காம ஏன் தாத்தா அப்படிச் சொன்னீங்க?"

"கேட்டிருப்பேன்டா கண்ணு. நீ அப்போ கண்ணே தொறக்கலையே."

 அவள் சேறு படிந்த கையால் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பின்னால் வந்த நான்தான் அழுதுகொண்டு வந்தேன்.