முங்கித் தூணைச் செய்த தாணு மேஸ்திரி

காலையில் பால்காரர் செம்பில் பாலை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "அறிஞ்சேளா சாமி? பழவங்காடி தாணு மேஸ்திரி போயாச்சு. நெஞ்சுவலியாக்கும்."

"அடப்பாவமே!" என்றார் அப்பா. அடுத்த மூச்சிலேயே, "அவர் பண்ணின அந்தத் தெருமுனைத் தூணையும் பிடுங்கிட வேண்டியதுதான். என்னிக்கு மறுபடி மக்கர் பண்ணுமோ" என்றார். நாளை பஜனை மடத்தில் மேஸ்திரிக்காகக் கூடும்போதே அதையும் முடிவு செய்வார்களாம். மோசமான வேலை செய்தவர் என்ற பெயரோடு அவர் போகக் கூடாது. அதனால் வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு, நம் தெருக்காரர்களுக்கு இதை எழுதுகிறேன்.

கிழக்கேகோட்டை பஸ் நெரிசலுக்குத் தப்பி, லாரிகள் நம் அக்ரகாரத்துக்குள் பாய்ந்த நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவற்றைத் தடுக்கத்தான் தெருமுனையில், எங்கள் வாசலை ஒட்டி, மேஸ்திரி குழி வெட்டி இடுப்புயர இரும்புத் தூணை இறக்கினார். அந்த முதல் நாள்! சாவியைத் திருப்பித் தூணின் தலையில் ஒரு காலை வைத்தார். சத்தமே இல்லாமல் தூண் பூமிக்குள் போயிற்று! சாவியை மறுபடி திருப்பியதும் தானாக எழுந்து நின்றது! நாங்கள் குதித்த குதியில் தெருவே புழுதியாயிற்று.

எதிர்வீட்டு ஜானகி மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "என்ன மேஸ்திரி, உள்ளே குட்டிச்சாத்தானை அடைச்சு வெச்சிருக்கியா? கரண்ட்கூட இல்லையே!"

"கிணத்துக் கப்பிதான் மாமி. ஒரு பக்கம் தூண், மறுபக்கம் அதைவிடக் கொஞ்சம் கனமா ஈயக்கட்டி. கரண்டும் வேண்டாம், சாத்தானுக்குச் சோறும் போடண்டாம்."

பூமிக்குள் முங்கி எழுவதால் அன்றே அதற்கு 'முங்கி' என்று பெயர் வைத்துவிட்டோம். என்னையும் ஒரு தடவை ஏறி நிற்கச் சொன்னார். "மிதிக்கண்டாம் மோளே, நின்னாலே மதி." நின்றாலே போதுமாம்! நின்றேன். என்னோடு சேர்ந்து அது மெல்ல இறங்கியபோது வயிற்றுக்குள் ஜிவ்வென்றது. அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

பிறகு அந்த பஜனை நாள். மதியம் சாவியைத் திருப்பினார்கள், முங்கி எழவில்லை. திறந்து கிடந்த வழியில் ஒரு லாரி நுழைந்து பந்தலைச் சாய்த்தது. ஜானகி மாமியின் முழங்கையில் சிராய்ப்பு. மேஸ்திரியை வரவழைத்து நடுத்தெருவில் நிறுத்தி அப்பா கத்தினார்: "ஒரு மாசம் தாங்கலையே ஓய்! போய்ப் பட்டறையிலே சொப்பு பண்ணி வில்லும்!"

மேஸ்திரி தரையில் படுத்து, தூணைச் சுற்றியிருந்த இரும்பு வளையத்தின் இடுக்கில் ஒரு கம்பியை விட்டுச் சுரண்டினார். காய்ந்த சாணமும் அரிசிமாவும் கட்டியாக வந்தன. விரலில் தேய்த்துப் பார்த்தார். எங்கள் வாசலைப் பார்த்தார். கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார்.

அன்று விடியற்காலையில் அரிசிவண்டிக்காக முங்கியை இறக்கியிருந்தார்கள். அதன் தலை தெருவோடு சமமாக இருந்ததால், அதன்மேலேயே சாணி தெளித்துக் கோலம் போட்டவள் நான். இடுக்கு தெரிந்தால் கோலம் அழகாக இராது என்று, சாணியைக் கரைத்து இரண்டு முறை மெழுகினேன். பதினெட்டுப் புள்ளிக் கோலம்!

"என்னய்யா கோளாறு?" என்று அப்பா அதட்டினார்.

"என் கணக்கிலே பிழை சாமி. சரியாக்கித் தாரேன்" என்றார். கருவிகளை எடுத்துக்கொண்டு போகும்போது, என் பக்கம் வந்ததும் குரலைத் தாழ்த்தினார். "கோலம் ஜோராயிருந்துது, கேட்டியா."

மூன்றாம் நாள் குழியின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போட்டு, சாணியும் மாவும் இடுக்கில் இறங்காதபடி தூணின் தலையில் குடைபோல ஒரு மூடி பொருத்தினார். அதன்மேல் கோலம் போடலாமா என்று பயந்துகொண்டே கேட்டேன். "பின்னே? தெருவில கோலம் போடாம இருப்பாளா? தூணுல்லா வழிவிடணும்!" என்றார். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட முங்கி மக்கர் செய்யவில்லை.

அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆனாலும் நாளை மடத்தில் நானே எழுந்து நின்று இதைப் படிப்பேன். கோலம் போட்டவளைத் திட்டாமல் தூணைத் திருத்தினாரே, அந்தக் குணம்தான் அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது. தூணைப் பிடுங்காதீர்கள். பிழை அவருடையது அல்ல.

இப்படிக்கு,
முதல் வீட்டு விசாலம்.