ஸ்டாப்பருக்கு நான் கொடுத்த சான்றிதழ்

பூட்ஸ் இரண்டின் கயிற்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, படூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, செங்கல்பட்டு மைதானத்தில் அவன் வந்து நின்ற மாலை நன்றாக நினைவிருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசி. நைஜீரியாவிலிருந்து வந்து படூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தான். கோல்கீப்பருக்கு முன்னால் நின்று தடுக்கும் ஸ்டாப்பர் இடத்தில் ஆடினான். ஒரே வாரத்தில் அதுவே அவன் பெயராகிவிட்டது. நான் பகலில் அரசு அலுவலக கிளார்க், சாயங்காலம் கால்பந்து கிளப்பின் செயலாளர். எங்கள் கிளப் யாருக்கும் சம்பளம் கொடுத்ததில்லை. பஸ் காசு, ஜெயித்தால் பிரியாணி, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமல்லபுரம் கடற்கரை மணலில் ஓடவிடுவோம். எங்கள் பையன்கள் பத்து நிமிஷத்தில் படகு நிழலில் படுத்துவிடுவார்கள். அவன் மட்டும் ஓடிக்கொண்டே இருப்பான். தமிழை மைதானத்திலேயே பொறுக்கிக்கொண்டான். ஒருமுறை ஆஃப்சைடு கொடுக்காத ரெஃப்ரீயிடம் போய், "இன்னா சார், பேஜாரு பண்ணிகினு கீறே" என்றான். அவரே விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். "மச்சான், இவன் நம்மூர்க்காரன்டா" என்று கேப்டன் தோளில் தூக்கிக்கொண்டான். அந்த ஒரு வார்த்தையை நாங்கள் எல்லோரும் நம்பிவிட்டோம். நம்மூர்க்காரனுக்கு எதற்கு விசா?

ஒரு போட்டியில் அவனைப் பார்த்துவிட்டு கொல்கத்தாவின் பெரிய கிளப் ஒன்று அழைத்தது. வெளிநாட்டு வீரர்களுக்கு அவர்களிடம் ஒரே ஓர் இடம்தான் மிச்சம். மாணவர் விசாவில் இருப்பவன் சம்பளத்துக்கு ஆடக்கூடாது. சொந்த நாட்டுக்குப் போய், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் வேலை விசா வாங்கி, வீரர்கள் பதிவு முடிவதற்குள் திரும்ப வேண்டும். கடைசி செமஸ்டர் தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தது. "ரெண்டு வாரம்ணா. போய்ட்டு ஓடியாந்துர்றேன்" என்று கிளம்பினான். ஊரில் அவனுடைய இரண்டு தங்கைகளின் படிப்பும் அந்தச் சம்பளத்தை நம்பித்தான் இருந்தது.

வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை எனக்கு. எங்கள் கிளார்க் வர்க்கத்துக்கு அதுதான் வியாதி: எந்த வேலைக்குப் போனாலும் அனுபவச் சான்றிதழ் வேண்டும். கிளப் லெட்டர்ஹெட்டில் நானே டைப் அடித்தேன். இவர் இரண்டு ஆண்டுகள் எங்கள் கிளப்பில் தொழில்முறை வீரராகப் பணியாற்றினார், நடத்தை நன்று. சும்மா விளையாடினான் என்று எழுதினால் யார் மதிப்பார்கள்? ரப்பர் ஸ்டாம்பை இரண்டு இடத்தில் குத்தினேன். அவன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அதையும் எங்களைப் பார்த்துத்தான் கற்றிருந்தான்.

தூதரகத்தில் அந்தத் தாளைத்தான் முதலில் எடுத்தார்களாம். மாணவர் விசாவில் வந்தவன் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தது எப்படி? வேலை விசா இல்லை என்றார்கள். மாணவர் விசாவும் ரத்து. தேர்வு அவன் இல்லாமலே நடந்து முடிந்தது. பதிவுக் கெடு நெருங்கியதும், ஏற்கெனவே கையில் விசாவோடு கோவாவில் ஆடிக்கொண்டிருந்த வேறொருவனைக் கொல்கத்தா கிளப் எடுத்துக்கொண்டது. ஆட்டத்தில் யார் கெட்டிக்காரன் என்பதெல்லாம் அப்புறம். யாரிடம் காகிதம் இருக்கிறது என்பதுதான் முதல். இப்போதெல்லாம் வொர்க் பர்மிட் கிடைக்காமல் ஒப்பந்தம் ரத்து என்று டிவியில் ஒரு வரி ஓடும். என் மகன் அதற்குள் சேனலை மாற்றிவிடுவான்.

அவன் அங்கிருந்து என் வீட்டுக்கு போன் செய்தான். "அண்ணா, நான் காசு வாங்கி ஆடலன்னு ஒரு லெட்டர் குடுண்ணா. அதான உண்மை? அத்தக் காட்டினா அடுத்த தபா பரீட்சையாவது எழுதிருவேன்." எழுதுகிறேன் என்றேன். நாலு வரிகூடத் தேவையில்லை. ஆனால் முதல் கடிதம் பொய் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தால் நாளை விசாரணை வராதா? அரசு வேலையில் இருப்பவனுக்கு மெமோ வராதா? பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்த நேரம் அது. மறுபடி கூப்பிட்டபோது, நாளைக்கு அனுப்புகிறேன் என்றேன். மூன்றாம் முறை மணி அடித்தபோது மனைவியை எடுக்கச் சொல்லிவிட்டு, நான் வீட்டில் இல்லை என்று சொல்லும்படி கையை ஆட்டினேன்.

அவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு போனை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "'அண்ணன் பக்கத்துல இருந்தா சொல்லுங்க அண்ணி, லெட்டர் வாணாம். அவருக்கு ஆபீஸ்ல பிரச்சனையாய்டும்'னு சொல்றான்."

எனக்கு உள்ளுக்குள், அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.