காதுகுத்துக்கு வந்த குடுவைகள்

சவுதியிலிருந்து திரும்பிய என் கணவர் இனிமேல் போகமாட்டேன் என்று சொன்னது எங்கள் பெண்ணுக்காகத்தான். செல்போனில் மட்டுமே அப்பாவைப் பார்த்து வளர்ந்தவள், அவர் நேரில் வந்து நின்றபோது என் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஊரிலேயே பிழைக்க வழி தேடினோம். அவருடைய சிநேகிதர், "ஆன்லைன்ல வித்துடலாம்பா, சும்மா பறக்கும்" என்று வாசனைக் குடுவைகளைக் கொண்டுவந்து இறக்கினார். பாகூரில் எங்கள் வீட்டு முன்னறையில் கால் வைக்க இடமில்லை.

தண்ணீர் ஊற்றி, இரண்டு சொட்டு தைலம் விட்டு, பிளக்கைச் சொருகினால் புகை வரும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வந்து என்ன ஆகப்போகிறது, யார் கண்டார்கள்? ஆனாலும் விளம்பரம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. தூக்கம் வரும் என்று எழுதினேன். தலைவலி போகும் என்று எழுதினேன். ஒருநாள் எரிச்சலில் கொசுகூட வராது என்று எழுதிவிட்டு, பயந்துபோய் அழித்தேன்.

சொந்தக்காரர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். குருவிநத்தத்திலிருந்து நாத்தனார் போன் செய்தார்.

"இன்னாடி அது, சாம்பிராணி போடுறதா?"

"இல்ல அண்ணி, கரண்ட்ல ஓடும். மனசு லேசாவும்."

"எனக்கு இன்னாடி மனசு கனத்துப் போச்சு? சரி, ஒண்ணு அனுப்பு."

மண்ணாடிப்பட்டு சித்தப்பா, வில்லியனூர் மாமா என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் "உங்கள் மனம் லேசாகட்டும்" என்று என் கைப்பட எழுதிப் போட்டேன். "பாத்தீங்களா, யாவாரம் புடிச்சுக்கிச்சு!" என்று அவரிடம் குதித்தேன். அவரும் நம்பினார். மறுபடி கூப்பிட்ட பழைய சவுதி முதலாளியிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

அதோடு போன் அடங்கிவிட்டது. படத்தை மாற்றினேன், வாசகத்தை மாற்றினேன். ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு ஒன்று என்று மொய் வைத்துவிட்டுக் கைகழுவிவிட்டார்கள் என்பது அப்போதும் என் மரமண்டைக்கு ஏறவில்லை.

பெண்ணுக்குக் காதுகுத்து வைத்தோம். பந்தி முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, அப்பா மடியில் உட்கார்ந்து அவள் பரிசுகளைப் பிரித்தாள். அதற்குள் அவரிடம் நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தாள். முதல் பொட்டலத்தில் எங்கள் குடுவை. அடுத்ததிலும் அதுவே. நான் ஒட்டி அனுப்பிய டேப்கூடக் கிழியவில்லை.

"பாவிங்களா, ஒருத்தராவது தொறந்து பாத்தாங்களா!" என்று கத்திவிட்டேன்.

"அப்பா, இது நம்ம வூட்லயே நெறைய இருக்குதே?" என்றாள் பெண்.

அவர் ஒரு பெட்டியைக் கிழித்து, நான் எழுதிய சீட்டைப் படித்தார். "மொதலாளிக்கிட்ட இன்னொரு தபா கேட்டுப் பாக்கறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவளிடம் போனைக் கேட்டார்.

அவள் துள்ளி ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தாள்.